கூடத்துக்குள் ஒரு கடல்

ஞாயிறு காலைகளில் என் மகள் மீன் தொட்டியின் பின்பக்க மூடியைத் திறப்பாள். திறந்த உடனே ஒரு வாடை கிளம்பும். மீன் கவிச்சி இல்லை, சாக்கடை வீச்சமும் இல்லை. நீர் வற்றிய நேரத்தில் கரையில் கிடக்கும் பாசியும் சிப்பியும் வெயிலில் காயும்போது எழுமே, அந்த வாடை. சென்னையில் மூன்றாம் மாடி வீட்டுக் கூடத்தில் காபி டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருக்கும் எனக்குச் சட்டென்று தூத்துக்குடிக் கடற்கரை ஞாபகத்துக்கு வந்துவிடும். கூடவே கல் வண்டிகளும் வரும்.

நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் ஊர்க் கரையில் மீன் மட்டும் வந்து இறங்காது, கல்லும் இறங்கும். வள்ளங்களில் தீவுப் பக்கம் போய், கடலடிப் பார்களில் மூழ்கி, கடப்பாரையால் பெயர்த்துக் கொண்டுவருவார்கள். மடிப்பு மடிப்பாகச் சில, கிளை கிளையாகச் சில. வந்த அன்று பழுப்பும் பச்சையுமாக வழவழவென்று இருக்கும். இரண்டொரு நாளில் அழுகி ஊரை நாறடிக்கும். அதன்பின் வெயிலில் வெளுத்து வெள்ளைக் கல்லாகிவிடும். கொஞ்சம் காளவாசலுக்குப் போய்ச் சுண்ணாம்பாகும். கொஞ்சம் வீடு கட்டப் போகும். ஆச்சி வீட்டுச் சுற்றுச்சுவர் அந்தக் கல்தான். காரை உதிர்ந்த இடத்தில் விரலை வைத்தால் சின்னச் சின்னக் குழிகள் தட்டுப்படும். மத்தியான வேளைகளில் அதை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

“அதுல என்னல நோண்டிக்கிட்டு கெடக்க? தேள் இருக்கும்ல” என்று உள்ளிருந்து குரல் வரும்.

அந்தக் குழிகள் என்னவென்று தெரிந்தது பள்ளிச் சுற்றுலாவில்தான். ராமேஸ்வரம் போகும் வழியில் மண்டபத்தில் எங்களை இறக்கி, மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குள் வரிசையாக அழைத்துப் போனார்கள். அந்த நிலையம் பிறந்தது 1947இல். கண்ணாடித் தொட்டிகளில் முள் விரித்த மீன்களையும் கடல் குதிரைகளையும் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தோம். அங்கே பணியில் இருந்த ஒருவர், மேசைமேல் இருந்த வெள்ளைக் கல் ஒன்றைக் கையில் எடுத்தார். “இது கல் இல்ல தம்பி, பவளம், பிராணி கட்டின வீடு. ஒவ்வொரு குழியிலயும் ஒண்ணு இருந்துச்சு” என்றார்.

ஊர் திரும்பியதும் ஆச்சியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவள் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள். “அப்ப நாம இன்னொருத்தன் வீட்டை இடிச்சுல்லா நம்ம வீட்டைக் கட்டியிருக்கோம்?” என்றாள். பிறகு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

வேலை கிடைத்து மெட்ராஸ் வந்த புதிதில், நாங்கள் குடியிருந்த வீட்டின் கீழ் போர்ஷனில் தபால் துறை அண்ணன் ஒருவர் இருந்தார். மீன் வளர்ப்பில் பித்து. அன்றைய தொட்டிகள் இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்தி, பட்டி வைத்து அடைத்தவை. கோல்ட் ஃபிஷ்ஷும் ஏஞ்சலும் வளர்த்துச் சலித்தவருக்கு, கடல் மீன் வளர்க்கும் ஆசை வந்தது. பெசன்ட் நகர் கடலில் இருந்து சைக்கிளின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடங்களைக் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தார். காசிமேட்டில் சொல்லிவைத்து, நீலமாக மின்னும் குட்டி மீன்களை உயிரோடு வாங்கிவந்தார். தெருவே வந்து பார்த்தது. அந்த வாரம் முடிவதற்குள் மீன்கள் மிதந்தன. சில மாதங்களில் உப்பு ஏறிய இரும்புச் சட்டம் துருப்பிடித்துப் பொரிந்து, கூடத்து மொசைக்கில் காவிக் கோடு விட்டது. அந்தக் கோடு போகவே இல்லை என்று அண்ணி வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

மீன்கள் ஏன் செத்தன என்று அன்று எங்கள் யாருக்கும் புரியவில்லை. இன்று என் மகள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். மீனின் கழிவு அம்மோனியா ஆகும். அம்மோனியா விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அதை ஓரளவு தாங்கலாம். இந்த இரண்டு கூட்டமும் கல்லிலும் மணலிலும் ஒட்டிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் தண்ணீரை ஊற்றி அன்றைக்கே மீனை விடுவது, அதன் கழிவிலேயே அதை மூழ்கடிப்பதற்குச் சமம். கடலில் அந்த வேலை எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறது. நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

2003இல் ‘ஃபைண்டிங் நீமோ’ படம் வந்தபோது மகள் ஒன்றாம் வகுப்புகூட எட்டவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு வந்ததும் ஆரஞ்சு மீன் வேண்டும் என்று அடம். அவளைக் கூட்டிக்கொண்டு கொளத்தூர் போனேன். வண்ண மீன் என்றாலே சென்னையில் கொளத்தூர்தானே. பாலிதீன் பைகளில் மீன்கள் தொங்கும் கடைகளுக்கு நடுவே ஒருவரிடம் விசாரித்தேன். “கடல் மீன் குழந்தைங்களுக்கு வேணாம் சார், ரொம்ப மெனக்கெடணும்” என்று அவரே நல்ல மனதோடு தடுத்துவிட்டார். இரண்டு கப்பி ஜோடிகளோடு திரும்பினோம். வழியெல்லாம் அவள் என்னோடு பேசவில்லை.

அந்தக் கோபம் இருபது வருஷம் உள்ளேயே இருந்திருக்கிறது. வேலைக்குப் போய்க் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் ஒருநாள் சாப்பிடும்போது, “அப்பா, ரீஃப் டேங்க் வாங்கப்போறேன், ஆல் இன் ஒன்” என்றாள். ஆல் இன் ஒன் என்றதும் பிரிண்டர் வாங்குகிறாள் என்று நினைத்த அவள் அம்மா, “வேலைக்கு உதவும்ல, வாங்கு” என்று சொல்லிவிட்டாள். அனுமதி இப்படித்தான் கிடைத்தது.

பெரிய பவளத் தொட்டிகளில் வடிகட்டும் சாமான்கள் எல்லாம் கீழே அலமாரிக்குள் வேறொரு தொட்டியில் இருக்கும். குழாய் போட்டு இணைக்க வேண்டும். ஆல் இன் ஒன் தொட்டியில் பின்சுவருக்கு முன்னால் இன்னொரு தடுப்பு வைத்து, அந்த இடுக்கை மூன்று அறைகளாகப் பிரித்திருப்பார்கள். மேல்மட்டத் தண்ணீர் சீப்புப் பல் போன்ற இடைவெளி வழியே முதல் அறையில் விழும். அங்கே பஞ்சு. அடுத்ததில் கரியும், புரத அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரும். கடைசி அறையில் பம்பு, தண்ணீரைத் திரும்ப முன்பக்கம் தள்ளும். முன்னால் இருந்து பார்ப்பவருக்கு மீனும் பவளமும் மட்டும்தான் தெரியும்.

ஒரு மாதிரிக்கு ஒரு காகிதம் வைத்து, மகள் கூடத்தில் பரப்பினாள். ஃப்ளூவல் ஈவோ 52 லிட்டர். ரெட் சீ மேக்ஸ் நானோ 75 லிட்டர். இன்னொவேட்டிவ் மரைன் கம்பெனியின் நூவோ வரிசை. எனக்குப் பார்க்க எல்லாம் ஒன்றுபோல அழகாக இருந்தன. சின்னதாக ஒன்றை வாங்கிப் பழகலாமே என்றேன். “சின்னதுதான்பா கஷ்டம்” என்றாள். தண்ணீர் குறைவாக இருந்தால் எல்லாமே வேகமாகக் கெடுமாம். ஒரு லிட்டர் ஆவியானால் 50 லிட்டரில் உப்பு சட்டென்று ஏறும், 120 லிட்டரில் அவ்வளவாகத் தெரியாது. ஒரு மீன் செத்து மறைவில் கிடந்தாலும் அதே கணக்குதான். தூத்துக்குடிக்காரனுக்கு இது புரியாமல் போகுமா? உப்பளப் பாத்தியில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு கெட்டிப்படுவதைப் பார்த்து வளர்ந்தவன்தானே.

அடுத்தது சூடு. இந்தத் தொட்டிகளைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதில் எந்த ஹீட்டர் நல்லது என்றே பாதி இருக்கும். சென்னைக்காரனுக்கு ஹீட்டர் எதற்கு? பவளத் தொட்டியை 25, 26 டிகிரியில் வைக்க வேண்டும். மே மாதத்தில் நம் கூடத்தில் தண்ணீர் தானாகவே 31, 32 டிகிரிக்குப் போய்விடும். மேலே விசிறி வைத்தால் கொஞ்சம் குறையும். ஆனால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் அதற்கு ஓர் எல்லை உண்டு. சில்லர் இல்லாமல் முடியாது. சில்லர் தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை அறைக்குள்ளேயே ஊதும் என்பதால் அதை பால்கனியில் வைத்துக் குழாய் இழுக்க வேண்டும். தொட்டியோடு வரும் பம்புக்குப் பல சமயம் அத்தனை தூரம் தள்ளும் பலம் இருக்காது. மூடியோடு வரும் மாதிரிகள் சூட்டைப் பிடித்து வைக்கும். மூடி இல்லாதவற்றில் மீன் துள்ளி வெளியே விழும், வலை போட வேண்டும். அமெரிக்காவில் விற்கும் மாதிரியை யாரிடமாவது சொல்லி வரவழைத்தால் 110 வோல்ட் சாமான் இங்கே 230 வோல்ட்டில் புகைந்துவிடும். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல காகிதங்கள் குறைந்துகொண்டே வந்தன.

கடைசியில் அவள் எடுத்த முடிவு எனக்கே ஆச்சரியம். கொளத்தூரில் தொட்டி ஒட்டும் ஒருவரிடம் அளவு கொடுத்துச் செய்யச் சொல்லிவிட்டாள். 60 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம், 10 மி.மீ. கண்ணாடி. விளிம்பு வரை நிறைத்தால் 120 லிட்டருக்குச் சற்று மேல். பின்னறைகள் ஆல் இன் ஒன் முறையிலேயே. ஆனால் கை உள்ளே போகும் அகலத்தில். அறை இடுக்கமாக இருந்தால் சுத்தம் செய்ய மாட்டோம், அதனால்தான் பாதித் தொட்டி பாழாகிறது என்று அவரும் சொன்னார். “காசைக் கண்ணாடில போடாதம்மா, சில்லர்ல போடு” என்றது அவருடைய உபதேசம். மிச்சம் பிடித்த பணத்தில் 1/10 ஹெச்பி சில்லர், நீல ஒளி கூடிய எல்இடி விளக்கு, நல்ல பம்பு எல்லாம் வந்தன. தண்ணீர், கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்த்தால் ஸ்டாண்டைக் கணக்கில் சேர்க்காமலே 150 கிலோவைத் தாண்டும் என்பதால், கூடத்தின் நடுவில் வைக்காமல் உத்தரம் ஓடும் சுவரை ஒட்டி வைத்தோம்.

பிறகு தண்ணீர். இந்தத் தண்ணீர் வேலை இவ்வளவு இருக்கும் என்று யாரும் முதலில் சொல்வதில்லை. லாரித் தண்ணீர் ஆகாது. வீட்டில் குடிக்க வைத்திருக்கும் ஆர்ஓ இயந்திரமும் போதாது; அது ருசிக்காகக் கொஞ்சம் தாதுவைத் திரும்பச் சேர்க்கிறது. டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டும் வரை வடிகட்டி, அதில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் பவளத் தொட்டிக்கென்றே விற்கும் உப்பைக் கலக்க வேண்டும். உப்பளத்துக்காரன் வீட்டில் காசு கொடுத்து உப்பு மூட்டை வாங்குவதை ஆச்சி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். அதனால் தினமும் குறைவதற்கு ஈடாக உப்பில்லாத தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். பின்னறைத் தொட்டிகளில் ஆவியாகும் அளவு கடைசி அறையில்தான் தெரியும். ஊற்ற மறந்தால் பம்பு காற்றைக் குடித்துக் கர்ரென்று கத்தும். நடு இரவில் அந்தச் சத்தத்துக்கு எழுந்து தண்ணீர் ஊற்றும் பொறுப்பு எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்தது.

முதல் ஆறு வாரம் தொட்டியில் ஒரு மீனும் இல்லை. கல்லும் மணலும் விளக்கும் மட்டும். “காலித் தொட்டிக்கு எதுக்குடி கரண்ட்?” என்று அவள் அம்மா நாள் தவறாமல் கேட்டாள். பிறகு எல்லாம் பழுப்புப் பாசி. அது போய்ப் பச்சைப் பாசி. விருந்தாளிகள் பார்த்துவிட்டு மரியாதைக்குத் தலையாட்டினார்கள். மகள் மட்டும் சொட்டு மருந்து விட்டுக் குப்பியில் நிறம் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நின்ற பிறகுதான் கொளத்தூர் போனோம்.

இந்தத் தடவை ஒரு ஜோடி கோமாளி மீன் கிடைத்தது. கடலில் பிடித்தவை வேண்டாம், பண்ணையில் பொரித்தவையே வேண்டும் என்று அவள் கேட்டு வாங்கினாள். நான் சின்ன வயதில் போன மண்டபத்து நிலையத்தை உள்ளிட்ட அதே மத்திய நிறுவனம்தான் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை இங்கே கொண்டுவந்தது. இந்த மீன்கள் எல்லாம் ஆணாகவே வாழ்க்கையைத் தொடங்கும்; ஜோடியில் பெரியது பெண்ணாகிவிடும். எங்கள் தொட்டியிலும் பெரியவள்தான் எஜமானி. கல்லுக்கு அந்தப் பக்கம் மற்றதை விடமாட்டாள்.

அதே தெருவில் வேறொரு கடையில், கடைக்காரர் எங்களைப் பின்பக்கம் கூப்பிட்டார். சாக்குத் துணியால் மூடிய தொட்டி. துணியை விலக்கினார். உள்ளே கிளை கிளையாகப் பவளங்கள், நுனியில் நீலம் பூத்திருந்தன. “ஆர்டர்ல வந்தது சார், வெளிய சொல்லாதீங்க” என்றார். ஆச்சி வீட்டுச் சுவரில் விரல் வைத்துப் பழகிய வடிவம்தான். உயிரோடு, இத்தனை நிறத்தில், அதுவரை நான் பார்த்ததே இல்லை. மகள் ஒரு வார்த்தை பேசாமல் என்னை வெளியே இழுத்துவந்துவிட்டாள்.

கல் பவளம் எல்லாமே 2001 முதல் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கும் அதே அட்டவணை. கடல் குதிரையும் கடல் அட்டையும்கூட அப்போதுதான் சேர்ந்தன. ஆகவே எங்கள் தொட்டியில் இருப்பவை எலும்புக்கூடு கட்டாத மென் பவளங்கள்: தோல் பவளம், காளான் பவளம், பொத்தான் பொத்தானாக விரியும் சோவாந்திட். அவையும் இன்னொரு வளர்ப்பாளர் தன் தொட்டியில் வெட்டிப் பெருக்கிக் கொடுத்த துண்டுகள். கல்லும் கடலில் எடுத்ததில்லை, பீங்கானில் செய்தது. இதற்கெல்லாம் உச்சி வெயில் போன்ற விளக்கு தேவைப்படாது, கால்சியம் ஊற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். நம் ஊரில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சட்டமே நல்ல வழியைக் காட்டிவைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பகுதியில் மின்சாரம் போய்விட்டது. பம்பு நின்றால் தொட்டியில் முதலில் குறைவது ஆக்சிஜன். மகள் முன்யோசனையாக இன்வெர்ட்டரில் அந்தச் சின்னப் பம்பை மட்டும் கோத்திருந்தாள். மின்விசிறிக்கு ஆவதில் பாதிகூட அதற்கு ஆகாது. இன்வெர்ட்டரும் படுத்த பிறகு, பேட்டரியில் ஓடும் காற்றுக் குமிழி இயந்திரம். நாங்கள் இருட்டில் விசிறி மட்டை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மீன்கள் சௌகரியமாக இருந்தன.

பின்னொரு நாள் தூத்துக்குடியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர், வாலிபத்தில் பாரில் கல் எடுத்தவர். நான் மாமா என்று கூப்பிட்டுப் பழகியவர். கைபேசியில் தொட்டியின் படத்தைக் காட்டினேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எவ்வளவு ஆச்சு என்று கேட்டார். சொன்னேன்.

“மாசா மாசம் கரண்டு வேறயா?”

“ஆமா மாமா. தண்ணிய ஆத்துறதுக்கே பாதி போயிருது.”

“அங்கன சும்மா கெடந்ததுய்யா” என்றார். “நாங்க கூலிக்கு ஒடச்சோம். நீங்க காசு குடுத்து வளக்கிய.”

சாம்பார் வந்தது; பேச்சு அதோடு நின்றது. ஆனால் அவர் சொன்னதில் எல்லாம் அடங்கிவிட்டது. கல் எடுத்து எடுத்து, மன்னார் வளைகுடாத் தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது கணக்கில் இருந்தவை 21 தீவுகள். தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவும் கரைந்து சிறுத்து, அலையைத் தடுக்கச் செயற்கைப் பார்கள் போட்டு அதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. எங்கள் ஊரில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டிக் கடலடியில் வளர்த்து வருகிறார்கள். 2010இலும் 2016இலும் கடல் சூடாகி, பவளங்கள் தங்களுக்கு உணவூட்டும் நுண்பாசியை இழந்து வெளுத்தன. எங்கள் கூடத்தில் சில்லர் மக்கர் செய்தால் ஆளை அனுப்பச் சொல்லலாம். வளைகுடாவுக்கு அப்படி யாரையும் கூப்பிட முடியாது.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் எந்தத் தொட்டி வாங்கலாம் என்று என்னிடமே கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான். கம்பெனி பெயரைக் கடைசியில் பாருங்கள். பின்னறையில் கை நுழைகிறதா, சில்லருக்குக் குழாய் போட வழி உண்டா, பழுதானால் பம்பு இங்கேயே கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். இடமும் பணமும் அனுமதித்தால் 100 லிட்டருக்குக் குறையாதீர்கள். மின்சாரக் கட்டணத்தையும் தினசரி தண்ணீர் வேலையையும் நினைத்துத் தயக்கமாக இருந்தால், நல்ல தண்ணீர்த் தொட்டியில் கப்பி வளருங்கள், அதிலும் குறைவில்லை. பண்ணை மீனாகக் கேட்டு வாங்குங்கள். யாராவது சாக்குத் துணியை விலக்கிக் கல் பவளத்தைக் காட்டினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காமல் வாருங்கள்.